கேபிள் வழியே வரும் தீ: வாசகர் கேள்வி – பதில்

அணுமின் நிலையங்களின் தீப் பாதுகாப்பு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இத்துறையில் பணியாற்றும் பொறியாளர்கள் இந்த இதழில் பதில் தருகிறார்கள்.

பள்ளி ஆசிரியை, ராதாபுரம்: எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் கூடங்குளம். "உலையில் தீப்பிடித்தால் யுரேனியம் பற்றி எரியுமா டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். என்ன சொல்லட்டும்?

எரியாது என்று சொல்லுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். கூடங்குளத்தில் எரிபொருளாக இருப்பது யுரேனிய உலோகம் அல்ல, யுரேனியம் டை ஆக்சைடு. அது ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்ட பொருள். சாம்பலை மறுபடி எரிக்க முடியாதல்லவா, அதுபோலத்தான். சுட்ட மண்வில்லை மாதிரி இருக்கும் அதன் உருகுநிலை 2,800 டிகிரி செல்சியஸுக்கும் மேல்.

1957 அக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேலில் உலையே எரிந்தது உண்மை. அது வேறு வகை உலை. உலோக யுரேனியம், சுற்றிலும் கிராஃபைட், குளிர்விக்க வெறும் காற்று என்று எரிவதற்கு வேண்டியதெல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. கார்பன் டை ஆக்சைடு செலுத்திப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. தண்ணீர் பாய்ச்சி, காற்றையும் நிறுத்திய பிறகுதான் அடங்கியது.

இன்றைய நிலையங்களில் எரியக்கூடியவை கேபிள் உறை, டர்பைன் மசகு எண்ணெய், ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன், டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய், டீசல். இவை எல்லாப் பெரிய மின் நிலையங்களிலும் இருப்பவைதான். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. அனல்மின் நிலையத்தில் கரியை நிறுத்தினால் கொதிகலன் தானே ஆறிவிடும். அணு உலையை நிறுத்தினாலும், பிளவில் உண்டான கதிரியக்கப் பொருள்கள் சிதைவதால் வரும் எஞ்சுவெப்பம் வந்துகொண்டே இருக்கும். 3,000 மெகாவாட் வெப்பத்திறன் கொண்ட உலை நின்று ஒரு மணி நேரம் ஆன பிறகும் சுமார் 40 மெகாவாட் வெப்பம் தரும். ஒரு நாள் கழித்தும் 15 மெகாவாட் அளவில் இருக்கும். அந்த வெப்பத்தை வெளியேற்றப் பம்ப் ஓட வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்குக் கேபிள் வேண்டும். மின்சாரமே இல்லாமல் இயற்கைக் காற்றோட்டத்தால் வெப்பத்தை நீக்கும் அமைப்பும் கூடங்குளத்தில் உண்டு. ஆனாலும் எந்த நிலையத்திலும் தீப் பாதுகாப்புப் பொறியாளர் உலையைவிடக் கேபிள் அறையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுவார். கீழே வரும் பதில்களும் பெரும்பாலும் அந்தக் கவலையைச் சுற்றியே வரும்.

ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர், மதுரை: 1993இல் நரோராவில் டர்பைன் பக்கம் பிடித்த தீ, அணு உலைப் பக்கத்தை எப்படிப் பாதித்தது?

உத்தரப் பிரதேசத்தின் நரோராவில் 1993 மார்ச் 31, அதிகாலை 3.31. முதல் அலகின் தாழ்வழுத்த டர்பைனில் கடைசி வரிசை பிளேடுகள் இரண்டு, உலோகச் சோர்வால் முறிந்தன. சுழலும் தண்டின் சமநிலை குலைந்து கடுமையாக அதிர்ந்தது. நீங்கள் டர்பைன் ஹாலைப் பார்த்தவர், அடுத்து நடப்பதை ஊகிக்க முடியும். ஜெனரேட்டரின் ஹைட்ரஜன் சீல்கள் உடைந்து, வாயு வெளியேறித் தீப்பற்றியது. மசகு எண்ணெயும் அதோடு சேர்ந்துகொண்டது.

இதுவரை இது எந்த மின் நிலையத்திலும் நடக்கக்கூடிய விபத்து. தீ கேபிள்களைத் தொட்ட பிறகுதான் அணு நிலைய விபத்தாக மாறியது. ஒன்று போனால் மற்றொன்று என்று வைத்திருந்த மாற்று மின்வழிகளின் கேபிள்கள் போதிய இடைவெளியோ தடுப்போ இல்லாமல் அருகருகே போயிருந்தன. ஒரே தீ அத்தனையையும் வரிசையாகத் தின்றது. காகிதத்தில் பல வழிகள், கேபிள்களைத் தாங்கும் தட்டில் ஒரே வழி. நிலையம் முழுவதும் மின்சாரம் இழந்து சுமார் 17 மணி நேரம் இருந்தது. டீசல் ஜெனரேட்டர் நன்றாக இருந்து என்ன பயன்? அது தரும் மின்சாரத்தைப் பம்புக்குக் கொண்டுபோகும் கேபிள் எரிந்துவிட்டதே.

கட்டுப்பாட்டு அறையின் காற்றோட்டக் குழாய் வழியாகப் புகை உள்ளே வர, ஊழியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. அதற்குள் உலையை நிறுத்திவிட்டார்கள். பிறகு அவர்கள் செய்ததை இத்துறைக்கு வரும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். டார்ச் வெளிச்சத்தில் மேலே ஏறி, கையால் வால்வைத் திறந்து, நியூட்ரான்களை உறிஞ்சித் தொடர்வினையை அடக்கும் போரான் கரைசலை உள்ளே விட்டு, உலை மறுபடி உயிர்பெறாதபடி உறுதி செய்தார்கள். டீசல் எஞ்சினில் ஓடும் தீயணைப்புப் பம்புகளை இயக்கி, அந்தத் தண்ணீரை நீராவி ஜெனரேட்டர்களுக்குத் திருப்பினார்கள். உலையிலிருந்து வெப்பத்தை எடுத்துவரும் முதன்மைச் சுற்றில் பம்ப் ஓடாவிட்டாலும், சூடான கனநீர் மேலே போய்க் குளிர்ந்தது கீழே வரும் இயற்கைச் சுழற்சியே வெப்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கதிரியக்கம் வெளியே போகவில்லை. ஏழு நிலை கொண்ட சர்வதேச அணு நிகழ்வு அளவுகோலில் இது 3ஆம் நிலை.

இதற்குப் பிறகு பிளேடு வடிவமைப்பும் கேபிள் பாதைகளும் மாற்றப்பட்டன. நரோராவின் தீயணைப்புப் பம்புகள் மின்மோட்டாரை மட்டும் நம்பியிருந்தால் கதை வேறாகியிருக்கும். அதனால்தான் தணிக்கைக்குப் போகும்போது டீசல் பம்பின் ஸ்டார்டர் பேட்டரியை முதலில் பாருங்கள் என்று இளைஞர்களிடம் சொல்கிறோம்.

பாலிடெக்னிக் மாணவர், நாகர்கோவில்: "ஃபயர் கம்பார்ட்மென்ட்", "ஃபயர் செல்" இரண்டும் ஒன்றா? "மூன்று மணி நேரச் சுவர்" என்றால் சுவர் மூன்று மணி நேரம் எரியாமல் இருக்குமா?

இரண்டும் ஒன்றல்ல. கம்பார்ட்மென்ட் என்பது தரை, கூரை, சுவர் என்று எல்லாப் பக்கமும் தீத்தடுப்பு உள்ள பகுதி. உள்ளே இருப்பது அத்தனையும் எரிந்து தீர்ந்தாலும் தீ வெளியே வரக் கூடாது. அப்படிச் சுவர் எழுப்ப முடியாத இடங்கள் உண்டு. உலைக் கட்டடத்தின் உட்பகுதி அப்படிப்பட்டது, அங்கே ஆவியும் அழுத்தமும் வெளியேற வழி வேண்டும். அத்தகைய இடத்தில் ஒரு கம்பார்ட்மென்ட்டுக்குள்ளேயே தூரம், எரிபொருள் அளவுக் கட்டுப்பாடு, கேபிளுக்குத் தனி உறை, தெளிப்பான் ஆகியவற்றால் பிரித்து வைப்பது ஃபயர் செல். செல்லைவிடக் கம்பார்ட்மென்ட்டையே நம்பலாம். செல் என்பது ஒழுக்கத்தை நம்பியிருக்கும் ஏற்பாடு. யாரோ ஒருவர் அங்கே மரப்பெட்டியை வைத்தால் அந்தத் தூரத்துக்குப் பொருளே இல்லாமல் போய்விடும்.

அமெரிக்க விதியில் இதற்குத் தெளிவான கணக்கு இருக்கிறது. உலையைப் பாதுகாப்பாக நிறுத்தும் இரண்டு கேபிள் வரிசைகளுக்கு இடையே மூன்று மணி நேரத் தடுப்பு வேண்டும். அல்லது நடுவில் எரியக்கூடிய பொருள் ஏதும் இல்லாத 20 அடி, அதாவது 6.1 மீட்டர் இடைவெளியும், தீ உணர்கருவியும், தானியங்கி அணைப்பானும் வேண்டும். அல்லது ஒரு வரிசையைச் சுற்றி ஒரு மணி நேர உறையும் அதே கருவிகளும் வேண்டும்.

"மூன்று மணி நேரம்" என்பது சோதனை உலையில் பெற்ற மதிப்பெண் (இது அணு உலை அல்ல, சுவரைச் சுட்டுப் பார்க்கும் சூளை). ஐஎஸ்ஓ 834 என்ற சர்வதேசத் தரத்தின் வெப்பக்கோட்டின்படி அந்தச் சூளையைச் சூடாக்குவார்கள். ஒரு மணி நேரத்தில் 945 டிகிரி, மூன்று மணி நேரத்தில் 1,110 டிகிரி வரும். அதுவரை சுவர் இடியக் கூடாது, சுடர் மறுபக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது, மறுபக்கத்தின் சராசரி வெப்பம் தொடங்கியபோது இருந்ததைவிட 140 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது, எந்த ஒரு புள்ளியிலும் 180 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. கடைசி இரண்டையும் மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். சுவர் நிற்கும், ஆனால் மறுபக்கம் சாய்த்து வைத்த கேபிள் உருகிவிடும் என்றால் அந்தச் சுவர் தேறவில்லை.

சுவர் பெரும்பாலும் தேறிவிடும். தோற்பது அதில் போட்ட ஓட்டை. 1975 மார்ச் 22, அலபாமா மாநிலத்தின் பிரவுன்ஸ் ஃபெரி நிலையம். கட்டுப்பாட்டு அறைக்குக் கீழே கேபிள்கள் பிரிந்து செல்லும் கேபிள் விரிப்பு அறைக்கும் உலைக் கட்டடத்துக்கும் இடையேயுள்ள சுவரில் கேபிள்கள் புகும் துளைகளில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தது மெழுகுவர்த்திச் சுடரால். சுடர் சாய்ந்தால் கசிவு என்று பொருள். உலைக் கட்டடத்தில் காற்றழுத்தம் எப்போதும் சற்றுக் குறைவாக வைக்கப்படும் என்பதால், காற்று துளைக்குள் இழுக்க, சுடரும் உள்ளே வளைந்தது. அடைத்து வைத்திருந்த பாலியூரித்தேன் நுரை பற்றிக்கொண்டது. சுமார் 7 மணி நேரம் எரிந்தது. 1,600க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதமாயின. முதல் அலகின் அவசரக் குளிர்விப்பு அமைப்புகள் செயலிழந்தன. முதல் கால் மணி நேரம் தாங்களே அணைத்துவிடலாம் என்று முயன்றதில் தீ அறிவிப்பே தாமதமானது. பிறகு மின்கருவி இருக்கும் இடத்தில் தண்ணீர் அடிக்கலாமா என்று மணிக்கணக்கில் தயங்கினார்கள். கார்பன் டை ஆக்சைடும் உலர்பொடியும் சுடரைத் தணித்தன, கட்டுக்கட்டாகக் கிடந்த கேபிளின் உட்சூட்டைத் தணிக்கவில்லை. மறுபடி மறுபடி பற்றியது. கடைசியில் தண்ணீர்தான் அணைத்தது.

இன்றும் தவறு நடப்பது அதே துளையில்தான். கேபிள் ஒன்று புதிதாக இழுப்பார்கள், துளையின் அடைப்பைக் குடைவார்கள், வேலை முடிந்ததும் "அப்புறம் அடைக்கலாம்" என்று பழந்துணியைத் திணித்துவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு துளைக்கும் எண் தகடு வேண்டும். திறந்த தேதியும் அடைத்த தேதியும் பதிவேட்டில் வேண்டும். சிலிக்கான் நுரை ஊற்றினால் அது காய்ந்து சுருங்கி விளிம்பில் முடியளவு இடைவெளி விட்டிருக்கிறதா என்று இருபக்கமும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவது பார்க்காததற்குச் சமம். தீயின்போது காற்றோட்டக் குழாயை மூடும் தகடான தீத்தடுப்பு டாம்பரின் உருகு இணைப்பு சுமார் 72 டிகிரியில் அறுந்து தகடு விழ வேண்டும். ஆண்டுக்கணக்கில் அசையாத டாம்பர் துருவில் ஒட்டிக்கொண்டு பாதியில் நிற்கும். இணைப்பைக் கழற்றித் தகட்டைக் கையால் விழவைத்துப் பார்ப்பதே சோதனை, தகட்டில் பெயின்ட் அடிப்பது பராமரிப்பு ஆகாது.

மின் ஒப்பந்தக்காரர், கோயம்புத்தூர்: எஃப்ஆர்எல்எஸ் கேபிள் போட்டுவிட்டால் தீப்பிடிக்காது என்கிறார்களே?

பிடிக்கும். எஃப்ஆர்எல்எஸ் என்பது சுடரைப் பரவவிடாமல் தடுத்து, புகையையும் அமில வாயுவையும் குறைக்கும் கேபிள். உறையின் ஆக்சிஜன் குறியீடு (அது எரிந்துகொண்டிருக்கக் காற்றில் குறைந்தபட்சம் வேண்டிய ஆக்சிஜன் சதவீதம்) 29க்குக் குறையாமல், ஹைட்ரோகுளோரிக் அமில வாயு 20 சதவீதத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டில் வழக்கமாகக் கேட்கும் அளவு. ஒற்றைக் கேபிளில் நெருப்பு வைத்தால் அணைந்துவிடும். நிமிர்ந்து நிற்கும் தட்டில் ஐம்பது கேபிள் நெருக்கமாக இருந்து, கீழே எண்ணெய் எரிந்தால் அதுவும் எரியும்.

இன்னொன்றையும் பிரித்துப் பாருங்கள். பரவாத கேபிள் வேறு, எரியும்போதும் வேலை செய்யும் கேபிள் வேறு. இரண்டாவது "ஃபயர் சர்வைவல்" வகை, மைக்கா நாடா சுற்றியது, ஐஇசி 60331 என்ற சர்வதேச மின் தரத்தின் சோதனைக்கு உட்பட்டது. அவசர விளக்குக்கும் தீயணைப்புப் பம்புக்கும் இதுதான் வேண்டும்.

கேபிள் அறுந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைக்கவைக்கும் ஒரு கோளாறு இருக்கிறது, "ஹாட் ஷார்ட்". உறை உருகி, மின்சாரம் ஓடும் கம்பி பக்கத்துக் கட்டுப்பாட்டுக் கம்பியைத் தொட்டுவிட்டால், யாரும் பொத்தானைத் தொடாமலே வால்வு திறக்கும், பம்ப் நிற்கும், அளவுமானி பொய் காட்டும். அதனால் இன்றைய பகுப்பாய்வு "இந்தக் கேபிள் எரிந்தால் எது நிற்கும்" என்பதோடு முடிவதில்லை. "எது தானாக ஓடும்" என்பதையும், ஒரே தீயில் இரண்டு மூன்று ஒன்றாக ஓடினால் என்ன ஆகும் என்பதையும் கேட்கிறது.

பாதுகாப்பு மேற்பார்வையாளர், அபுதாபி: எங்கள் தளத்தில் இரண்டு நாட்டுத் தீயணைப்புக் கருவிகள் இருக்கின்றன. ஒன்றில் 'சி' என்றால் வாயு, இன்னொன்றில் 'சி' என்றால் மின்சாரம். எது சரி?

இரண்டும் அந்தந்த ஊரில் சரி. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் ஏ என்பது மரம், துணி போன்ற திடப்பொருள், பி திரவம், சி வாயு, டி உலோகம். அமெரிக்காவில் பி என்பதற்குள் திரவமும் வாயுவும் அடங்கும், சி என்பது மின்னோட்டம் உள்ள கருவி. ஆகவே 'சி' முத்திரையைப் பார்த்ததும் கருவி எந்த நாட்டுத் தரப்படி செய்தது என்று பாருங்கள். கலந்து இருக்கும் இடத்தில் எழுத்தை நம்பாமல், "மின்பலகைக்கு ஆகும்", "ஆகாது" என்று தொழிலாளிகளின் மொழியிலேயே பலகை எழுதி மாட்டுங்கள். தமிழ், இந்தி, மலையாளம், அரபு எது வேண்டுமோ அதில்.

அறை முழுவதையும் வாயுவால் நிரப்பித் தீயணைக்கும் கார்பன் டை ஆக்சைடு நிரப்பு அமைப்பு இருந்தால் அதைப் பற்றித் தனியாக எச்சரிக்கிறோம். கேபிள் அறைக்கு வடிவமைப்பு அடர்த்தி பொதுவாக 50 சதவீதம். 10 சதவீதத்தைத் தாண்டினாலே சில நிமிடங்களில் நினைவு தப்பும். 1998 ஜூலை 28 அன்று அமெரிக்காவின் ஐடஹோ தேசிய அணு ஆய்வு வளாகத்தில் மின் பராமரிப்பு நடந்துகொண்டிருந்த கட்டடத்தில், எச்சரிக்கை மணி அடிக்காமலே வாயு பாய்ந்து ஒருவர் இறந்தார், பலர் பாதிக்கப்பட்டார்கள். அமைப்பை மின்னணுக் கட்டளையால் மட்டும் முடக்கி வைத்திருந்தார்கள். உள்ளே ஆள் போகும் முன் குழாயில் இருக்கும் பூட்டு வால்வைக் கையால் மூடி, பூட்டுப் போட்டு, சாவியை உள்ளே போகிறவரே வைத்துக்கொள்ள வேண்டும். திரையில் "முடக்கப்பட்டது" என்று வருவது பூட்டு ஆகாது.

வாசகர், புதுப்பட்டினம்: கல்பாக்கத்தின் ஈனுலையில் ஆயிரம் டன்னுக்கும் மேல் சோடியம் இருக்கிறதாம். தண்ணீர் ஊற்றவே கூடாது என்றால் எதைக் கொண்டு அணைப்பார்கள்?

ஈனுலை என்பது எரிக்கும் எரிபொருளைவிட அதிகமாகப் புது எரிபொருளை உண்டாக்கும் உலை. அங்கே வெப்பத்தைக் கடத்துவது தண்ணீர் அல்ல, உருகிய சோடியம். சோடியம் 98 டிகிரியில் உருகும், 883 டிகிரியில் கொதிக்கும். குழாய்களில் சில நூறு டிகிரியில் ஓடும் அது கசிந்து காற்றைத் தொட்டால் தானே பற்றும். பெட்ரோல்போல உயர்ந்த சுடர் இராது. பரப்பில் தாழ்வாகத் தணல்போல எரிந்து, அடர்த்தியான வெண்புகை விடும். பயப்பட வேண்டியது அந்தப் புகைக்கு. ஈரக்காற்றில் அது காஸ்டிக் சோடாவாக மாறும், கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும்.

எரிபொருளைத் தொட்டு ஓடும் முதன்மைச் சோடியம் பெரிய தொட்டிக்குள், அதைச் சுற்றி இன்னொரு காப்புத் தொட்டி, மேலே ஆர்கான் வாயு என்று காற்றுப்படாமல் இருக்கிறது. கவலை அதிகம், அந்த வெப்பத்தை வாங்கி நீராவி உண்டாக்கக் கொண்டுபோகும் இரண்டாம் சுற்றின் குழாய்களில். அங்கே முதல் உத்தி அணைப்பது அல்ல, பட்டினி போடுவது. குழாய்க்குக் கீழே சரிவான சேகரிப்புத் தட்டு இருக்கும். கொட்டும் சோடியம் சிறு துளை வழியாக அடித்தட்டுக்கு வடிந்துவிடும். அங்கே காற்று போதாமல் தானே அணையும். அதையும் மீறியதற்கு உலர்பொடி. பொடியைப் பீய்ச்சி அடிக்கக் கூடாது, சோடியம் சிதறும். கோலமாவு தூவுவதுபோல மெதுவாக மூட வேண்டும். பொடியில் ஈரம் ஏறியிருந்தால் அதுவே ஆபத்து. சோடியம் வெறும் கான்கிரீட்டைத் தொடக் கூடாது. நமக்குக் காய்ந்ததாகத் தெரியும் கான்கிரீட்டிலும் நீர் உண்டு, சூட்டில் அது வெளிவந்து ஹைட்ரஜனாக மாறும். அதனால் தரைக்கு எஃகு விரிப்பு.

ஜப்பானின் மோன்ஜு ஈனுலையில் 1995 டிசம்பர் 8 அன்று, ஓட்டத்தின் அதிர்வால் வெப்பமானியின் உறை முறிந்து சுமார் 640 கிலோ சோடியம் கசிந்தது. விரல் கனமுள்ள ஓர் உறைதான். அந்த நிலையம் மறுபடி இயங்க 2010 ஆயிற்று.

வாசகி, திருச்சி: அணு நிலையங்களில் சில அறைகளில் தண்ணீர் அடிக்கத் தடை என்று படித்தேன். ஏன்?

செறிவூட்டிய யுரேனியமோ புளூட்டோனியமோ கையாளும் இடங்களில் தண்ணீர் நியூட்ரான்களை மெதுவாக்கித் தொடர்வினையைத் தூண்டிவிடக்கூடும். அதற்காக முழுத்தடை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவின் ராக்கி ஃப்ளாட்ஸில் 1969 மே 11 அன்று புளூட்டோனியம் தானே பற்றி, கையுறை வழியே கைவிட்டு வேலை செய்யும் மூடிய கையுறைப் பெட்டிகளின் வரிசை எரிந்தபோது கடைசியில் தண்ணீர்தான் உதவியது. எந்த அறையில் எவ்வளவு, எந்த முறையில் என்று முன்கூட்டியே கணக்கிட்டு எழுதிவைப்பதே சரி. தண்ணீர் ஆழமாகத் தேங்காதபடி தரை வேண்டும். அந்தத் தண்ணீர் கதிரியக்கத்தோடு மழைநீர் வடிகாலுக்குப் போகாமல் பிடித்துவைக்கத் தொட்டியும் வேண்டும்.

ஒப்பந்த வெல்டர், தூத்துக்குடி: ஹாட் ஒர்க் பெர்மிட் (வெல்டிங் போன்ற நெருப்பு வேலைக்கான அனுமதி) வாங்கவே அரைநாள் போகிறது. இவ்வளவு கெடுபிடி எதற்கு?

உங்கள் கஷ்டம் புரிகிறது. மேலே சொன்ன பிரவுன்ஸ் ஃபெரியை ஒருமுறை படியுங்கள். அங்கே வெல்டிங்கூட இல்லை, ஒரு மெழுகுவர்த்தி.

பொறி விழும் இடத்திலிருந்து சுற்றிலும் 11 மீட்டருக்குள் எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது, நகர்த்த முடியாததைத் தீக்கம்பளியால் மூட வேண்டும். ஒரு 200 லிட்டர் எண்ணெய்ப் பீப்பாயில் ஏறத்தாழ 7,500 மெகாஜூல் சக்தி இருக்கிறது. அதை 50 சதுர மீட்டர் அறைக்குச் சராசரி போட்டால் சதுர மீட்டருக்கு 150 மெகாஜூல்தான், காகிதத்தில் சிறிய எண். பீப்பாய் கேபிள் தட்டுக்கு நேர் கீழே இருந்தால் சராசரியால் என்ன பயன்?

தரையில் இருக்கும் கிராட்டிங் என்ற கம்பிச் சட்டம், குழாய்த் துளை வழியாகப் பொறி கீழ்த்தளத்துக்குப் போகும். அங்கேயும் ஒருவர் நிற்க வேண்டும். சுவரில் வெல்டிங் செய்தால் மறுபக்கமும் ஒருவர். காவல் நிற்பவர் கையில் அணைப்பானும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. ஸ்பேனர் எடுத்துத் தரச் சொல்லி அவரை அனுப்புவதுதான் நாங்கள் அதிகம் காணும் தவறு. புகை உணர்கருவியை வேலைக்காக முடக்கினால் முடக்கிய நேரத்தை எழுதி, முடிந்ததும் திறந்ததை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். வேலை முடிந்தபின் அரை மணி நேரம் காவல் என்று இருந்தது, இப்போதைய அமெரிக்கத் தரம் ஒரு மணி நேரம் கேட்கிறது. கேபிள் உறைக்குள் விழுந்த பொறி வாசனைகூட விடாமல் கனன்றுகொண்டிருக்கலாம். தேநீர் இடைவேளைக்கு ஐந்து நிமிடம் முன்பு வெல்டிங்கை முடிக்காமல், ஒரு மணி நேரம் முன்பே முடிக்கும்படி வேலையைத் திட்டமிடுங்கள். காவல்காரரும் உங்களோடு தேநீருக்கு வரலாம்.